பூனையிடம் சொன்னால் போதும்

கடப்பாரையின் முனை ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கிய சத்தத்தில் வீட்டிலிருந்த பூனைகள் திக்குக்கு ஒன்றாய்ச் சிதறின. கருவாயன் அடுப்பங்கரைக்கு ஓடியது. ஒற்றைக்கண்ணன் ஓட்டின்மேல் ஏறிப் போனது. குட்டி போட்டிருந்த கஞ்சி மட்டும் நகரவில்லை. பரண் மூலையில், பழைய நூல் கூடைக்குள்ளிருந்து தலையை நீட்டி, கடப்பாரை பிடித்திருந்த முனிகிருஷ்ணனைப் பார்த்துச் சீறியது. கீழே சுந்தரி, தறியில் நீளவாக்கில் ஏறியிருந்த பாவு நூலின்மேல் ஒரு பழைய போர்வையை விரித்து, காற்றில் பறக்காதபடி இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே, கிழக்கே, நகரி மலையின் மூக்குபோன்ற உச்சியை மேகம் மறைத்திருந்தது. ஐப்பசி மேகத்துக்கு ஈவு இரக்கம் கிடையாது என்பது நெசவு வீட்டில் வாழ்க்கைப்பட்ட எவளுக்கும் தெரியும்.

"கஞ்சி, தூசி வுழும்னு சொல்லு. துணிய நல்லா இழுத்துப் போட்டுக்கச் சொல்லு," என்றார் முனிகிருஷ்ணன்.

"எங்களுக்கும் தெரியும்னு சொல்லு. கைய பாத்துப் போடச் சொல்லு," என்றான் கோவர்த்தனன்.

அண்ணனும் தம்பியும் மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தார்கள். ஆனாலும் பேச்செல்லாம் பரணுக்குப் போய்த்தான் திரும்பி வந்தது. இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் சுந்தரிதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் புருஷன் கோவர்த்தனனின் அண்ணனோடு நேருக்கு நேர் நின்று பேசியதில்லை, அது வழக்கமும் இல்லை. சோறு ஆறினால், "கஞ்சி, துன்ன வரச் சொல்லு" என்பாள். முனிகிருஷ்ணனும் எழுந்து வருவார். கஞ்சிக்கு முன்னால் கஞ்சியின் தாய் இருந்தது, அதற்கு முன்னால் ஒரு செவலை. எலி கடித்துத் துப்பிய பாவைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் பூனை இல்லாமல் இருக்க மாட்டார்கள், அதனால் சொல்லியனுப்ப அந்த வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இப்போது அண்ணன் தம்பிக்குள் முறைத்துக்கொண்டதும் அந்த வழியையே அவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

முறைத்துக்கொண்ட கதை ஊரறிந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் மெட்ராஸுக்கு, நகரியும் புத்தூரும் ஆந்திராவுக்கு என்று ராஜ்ய எல்லைக்கோடு விழப்போவது உறுதியானதும், நகரியும் மெட்ராஸோடுதான் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஊர்வலம் போன முனிகிருஷ்ணன் இடிந்துபோய் உட்கார்ந்தார். அதே வாரம் கோவர்த்தனன் தன் மகளைத் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். இருக்கப்போவது இங்கே என்றால் படிக்க வேண்டியதும் அதுதானே என்பது அவன் கணக்கு. அண்ணனுக்கு அது முதுகில் குத்தியதுபோல் இருந்தது. "கோடு போட்டவன மன்னிச்சாலும் ஒன்ன மன்னிக்க மாட்டேன்டா" என்றார். அதுதான் இதுவரை அவர் தம்பியிடம் நேராகச் சொன்ன கடைசிப் பேச்சு. தானும் அங்கே குடிபோவதென்று முடிவெடுத்து, பெண்டாட்டியை முதலில் பள்ளிப்பட்டுக்கு, மாமனார் வீட்டுக்கு அனுப்பினார். பாகம் பிரிக்கக் கூப்பிட்ட பெரிய மனிதர்கள், மண்ணும் சுவரும் தறியும் இளையவனுக்கு, மற்ற மரச்சாமான் மூத்தவனுக்கு என்று தீர்த்து வைத்தார்கள். மரம் என்றால் அதில் ஜன்னலும் சேர்த்தி. அவர்களைப் பெற்ற நைனா காளஹஸ்திப் பக்கம் ஏதோ சத்திரம் இடித்தபோது வாங்கி வந்து வைத்த தேக்கு ஜன்னல்கள். பூனைகளைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை.

தெருப்பக்கத்து ஜன்னல்கள் விடிந்ததுமே வண்டியில் ஏறிவிட்டன. அந்தப் பொந்துகளுக்குத் தாழ்வாரத்தின் மறைவு உண்டு, தட்டி கட்டிவிடலாம். தறி வீட்டு ஜன்னல்தான் சுந்தரியின் உயிரை எடுத்தது. அது கிழக்குச் சுவரில், மழை வரும் திசையைப் பார்த்தபடி, தறிக்கு நேர் எதிரே இருந்தது. பாவோ நேற்றுத்தான் தறியில் ஏறியது. தெருவில் நீளக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, காயக்காய இழை பிரித்து, முதுகு ஒடிய அவளும் செய்த வேலை. கஞ்சி போட்ட பாவு நனைந்தால் இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, இழுத்தால் பொட்டுப் பொட்டென்று அறும். நூல் கொடுத்த புத்தூர்க்காரர், ஒருமுறை பாவைக் கெடுத்தவனுக்கு மறுமுறை நூல் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த விஷயத்தில் அவருக்குத் தமிழன் தெலுங்கன் என்ற பேதமெல்லாம் கிடையாது. நூல் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால், இவ்வளவு சண்டை போட்டு இருந்துவிட்ட இந்த வீட்டில் என்ன வேலை? பள்ளிப்பட்டுக்குப் போய் மூத்தார் முன்னால் தலையைக் குனிந்து நிற்க வேண்டியதுதான்.

முனிகிருஷ்ணன் கடப்பாரையை மறுபடி நெம்பினார். சட்டம் நகரவில்லை. இன்னும் ஓங்கிக் குத்தி நெம்பியபோது சட்டத்தோடு சேர்ந்து ஒரு செங்கல்லும் பெயர்ந்து, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாவின் ஓரத்தில் விழுந்தது. ஓர இழைகள் சில தொங்கிப்போயின. கோவர்த்தனன் தாவி வந்து கடப்பாரையைப் பிடித்தான்.

"செவுர இடிக்கவா வந்தே? ஜன்னல எடுக்கவா வந்தே?"

பூனை இல்லாமலே பேசிவிட்டான். முனிகிருஷ்ணனின் முகம் கறுத்தது.

"வுடு கைய. எனுக்கு வந்தத நான் எடுத்துகினு போறேன். செவுரு ஒன்னுதுதான, நல்லா கட்டிகினு அழு."

ஒரு கடப்பாரையில் நாலு கைகள். போன வாரம்தான் கடைத்தெருவில் இந்த எல்லைக்கோட்டு விவகாரத்தில் ஒருவன் மண்டையை இன்னொருவன் பிளந்திருந்தான். பிளந்தவனும் பிளக்கப்பட்டவனும் ஒரே தெருக்காரர்கள். சுந்தரிக்கு அந்த ரத்தம் கண்முன்னால் வந்தது. போர்வையை விட்டால் பாவு போகும், விடாவிட்டால் இவர்களில் ஒருவர் போய்விடுவார்.

"கருவாயா! கடப்பாரைய வுடச் சொல்லுடா! ரெண்டு பேரையும் வுடச் சொல்லு!" என்று அலறினாள்.

கருவாயன் அந்த அறையிலேயே இல்லை. அது அடுப்பங்கரையில் பானைக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது. ஆனாலும் தம்பிதான் முதலில் கையை எடுத்தான். முனிகிருஷ்ணன் யாரையும் பார்க்காமல் மிச்சத்தையும் நெம்பி, ஜன்னலைச் சட்டத்தோடு தோளில் சாய்த்து வெளியே தூக்கிக்கொண்டு போனார். சுவரில் ஒரு பெரிய பொந்து விழுந்தது. அதன் வழியாக ஈரக்காற்று நேராக வந்து பாவைத் தொட்டது.

புத்தூரிலிருந்து தச்சர் ரங்கையா புது ஜன்னல்களோடு வந்து சேர்ந்தபோது கோவர்த்தனனுக்குப் போன உயிர் திரும்பியது. இரும்புக் கம்பி வைத்து, பச்சைச் சாயம் அடித்த ஜன்னல்கள். கம்பிக்குக் கம்பி விரல்கூட நுழையாத நெருக்கம். பழைய தறி வீட்டு ஜன்னலில் ஒரு மரக்கம்பி எப்போதோ போய்விட்டது. பூனைகளுக்கு அந்தச் சந்துதான் தலைவாசல். இனி இவை எந்த வழியாக வந்து போகும் என்று சுந்தரி நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே ரங்கையாவும் கோவர்த்தனனும் ஜன்னலைத் தூக்கிப் பொந்தில் வைத்தார்கள். அது உள்ளே போகவில்லை. திருப்பி வைத்தார்கள், அப்போதும் போகவில்லை. பொந்தைவிட ஜன்னல் நாலு விரல் அகலம் கூடுதல்.

"ரெண்டு மொழம்னுதானே சொன்னேன்?" என்றான் கோவர்த்தனன்.

"ரெண்டு மொழம்தான் சார் இது. பாருங்க." ரங்கையா தன் கையை ஜன்னல்மேல் வைத்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து காட்டினார். சரியாக இரண்டு. பனைமரத்தில் பாதி உயரம் இருந்த அந்த மனிதரின் கைக்கு அது இரண்டு முழம்தான். கோவர்த்தனன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். பிறந்தது முதல் வேட்டியும் சேலையும் அந்தக் கையாலேயே அளந்து பழகியவன், சுவரையும் அப்படியே அளந்து வாயால் சொல்லி அனுப்பியிருந்தான். அடிக்கோல் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"செவுர கொத்தி பெருசு பண்ணித்தான் வெக்கோணும். இப்ப கொத்தினா மொத்தமும் தறிமேலதான் வுழும். ஏமி சேஸ்தாம், இன்னா பண்றது? மழை வுட்டதும் வரேன்," என்று ரங்கையா உளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

கோவர்த்தனன் ஒரு கோணிப்பையைப் பொந்தில் அடித்தான். காற்று அதை ஊதி உள்ளே தள்ளியது. வாசல் மூலையில் நின்ற வண்டியில் அந்தத் தேக்கு ஜன்னல் மல்லாந்து கிடந்தது. கேட்டால் கிடைக்குமோ என்னவோ. கேட்க வேண்டியவன் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு கோணியோடு மல்லுக்கட்டினான். "வண்டிய நிறுத்தச் சொல்லலாமா?" என்று சுந்தரி மெதுவாகக் கேட்டாள். "செத்தாலும் கேக்க மாட்டேன்," என்றான் அவன். முனிகிருஷ்ணன் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கஞ்சி பரணிலிருந்து இறங்கியது. வாயில் ஒரு குட்டி. கோணியின் ஓரத்தில் தலையை நுழைத்து, பொந்து வழியாக வெளியே குதித்து, ஓடிப்போய் வண்டியில் ஏறியது. பழைய ஜன்னல்களுக்கு அடியில் பரப்பியிருந்த வைக்கோலில் குட்டியை வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்தது. மறுபடி பரண், மறுபடி ஒரு குட்டி. இடித்த வீட்டில் குட்டியை வைத்திருக்க அதற்கு மனமில்லை. வண்டியிலோ அது தினமும் உடம்பை உரசிப்போன மரம் கிடந்தது. சுந்தரி எல்லாவற்றையும் பார்த்தாள். சொன்னால் குட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டி போய்விடும். சொல்லாவிட்டாலும் வண்டி போகும், தாய் ஒரு பக்கம் குட்டி ஒரு பக்கமாக. எதைச் செய்வதென்று தெரியாமல் போர்வையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முனிகிருஷ்ணனே பார்த்துவிட்டார். குட்டியைக் கையில் எடுத்து வந்து பொந்து வழியாக உள்ளே விட்டார். கஞ்சி அதைக் கவ்விக்கொண்டு அவருக்கு முன்னாலேயே வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்றை எடுத்து வந்தார். அதுவும் அப்படியே ஆனது.

"ஒனுக்கு வேற எடமே கெடைக்கலியா? நான் ஊருக்குப் போவ வோணாமா?" என்று வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

பூனை பாவம் பொல்லாதது என்ற பயம் அந்த வீட்டில் எல்லோருக்கும் உண்டு. குட்டியையும் தாயையும் பிரித்துக்கொண்டு வண்டியை ஓட்ட அவருக்குத் துணிவு வரவில்லை. பூட்டிய மாட்டை அப்படியே நிறுத்திவிட்டு, எல்லாக் குட்டிகளையும் கொண்டுவந்து முடிக்கட்டும் என்றோ, அல்லது மனம் மாறி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் போகட்டும் என்றோ, வண்டியின் முளைக்குச்சியில் சாய்ந்து நின்றார். நின்ற இடத்திலிருந்து பொந்து தெரிந்தது. பொந்துக்குள்ளே தம்பி தெரிந்தான். தம்பி கோணியைப் பிடிக்க, காற்று அதைப் பறிக்க, அவன் மறுபடி பிடித்தான்.

மலைப்பக்கம் இரைச்சல் கேட்டது. முதல் தூறல் சாய்வாக வந்து கோணியில் படபடவென்று அடித்தது. ஆணி பெயர்ந்து கோணி ஒரு பக்கமாகத் தொங்கியது. போர்வையில் ஈரப்பொட்டுகள் விழுந்து பரவுவதைச் சுந்தரி பார்த்தாள். இரண்டு எட்டில் பொந்துக்கு வந்து வெளியே தலையை நீட்டினாள். பக்கத்தில் பூனை எதுவும் இல்லை.

"மாமா!"

முனிகிருஷ்ணன் திடுக்கிட்டு, யாரைக் கூப்பிடுகிறாள் என்பதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, ஒங்களத்தான். அந்த ஜன்னல எறக்குங்க. பாவு நனையுது."

சொல்லி முடித்ததும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கோவர்த்தனன் அவளை முறைத்தான். முனிகிருஷ்ணன் நின்றது நின்றபடி இருந்தார். மழைத்துளி அவர் நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. பிறகு துண்டை உதறித் தலையில் சுற்றிக்கொண்டு வண்டிமேல் ஏறினார். குட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஜன்னலைப் புரட்டித் தோளில் ஏற்றி வந்து, வெளியிலிருந்து பொந்தில் பொருத்தினார். அது அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆனால் பிடித்திருந்த சுண்ணாம்பு எல்லாம் உதிர்ந்துபோயிருந்ததால், கையை எடுத்தால் விழுந்துவிடும். உள்ளிருந்து கோவர்த்தனன் கம்பிகளைப் பிடித்து இழுத்தான், வெளியிலிருந்து அவர் மார்பைக் கொடுத்துத் தள்ளினார். கதவுகளை அவரே வெளியிலிருந்து சாத்தியதும் உள்ளே தூறல் வருவது நின்று, பாவின்மேல் இருட்டு விழுந்தது. கம்பி போன சந்துக்கு நேரே ஒரு கதவின் பலகை மட்டும் உடைந்திருந்தது. அந்த ஓட்டையில் அண்ணன் முகம் பாதியும் தம்பி முகம் பாதியும் மாறிமாறித் தெரிந்தன. இருவருக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. மூச்சு விடுகிற சத்தம் சுந்தரிக்குக் கேட்டது.

மழை வலுத்தது. முனிகிருஷ்ணனின் முதுகில் அது விழுகிற ஓசை உள்ளே வரை வந்தது. வண்டி மாடுகள் கழுத்து மணியை உதறின. சுந்தரி போர்வையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இழையாகத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் ஈரம், மற்றபடி மொடமொடப்பு போகவில்லை. அவள் நிமிர்ந்தபோது உடைந்த பலகையின் ஓட்டையில் இரண்டு காதுகள் முளைத்தன. சொட்டச் சொட்ட நனைந்த கஞ்சி, வாயில் குட்டியோடு, அண்ணனின் முழங்கைமேல் ஒரு காலையும் தம்பியின் மணிக்கட்டில் ஒரு காலையும் வைத்து உள்ளே நுழைந்தது. குட்டியைத் தறிக்குப் பக்கத்தில் போட்டு இரண்டு நக்கு நக்கியது.

"கஞ்சி," என்று வெளியிலிருந்து முனிகிருஷ்ணனின் குரல் கேட்டது. மிச்சப் பேச்சும் வருமென்று கோவர்த்தனன் காத்திருந்தான். கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

கஞ்சி உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, மறுபடியும் அதே ஓட்டை வழியாக மழைக்குள் குதித்தது. வண்டியில் இன்னும் குட்டிகள் இருந்தன.