பிரமாதம், சம்பந்தி!

நடக்க ஆரம்பித்து அரை மணி நேரம் ஆவதற்குள் மேஸ்திரிக்கு நாக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. எதிரே ஒரு நூலகம், சரியப் போகிற புத்தக அடுக்கு மாதிரி, ஒரு மாடி இந்தப் பக்கமும் ஒரு மாடி அந்தப் பக்கமுமாகத் துருத்திக்கொண்டு நின்றது. துருத்திய இடமெல்லாம் மொட்டை மாடி. மழை பெய்தால் தண்ணீர் வெளியே போக வழியே இல்லை. வரைந்த மகானுபாவன் மழை என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது.

"எப்படி இருக்கு, சம்பந்தி?" என்று பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"பிரமாதம்" என்றார் மேஸ்திரி.

அவர் கட்டடங்களில் ஒழுகல் அடைக்கிறவர். முப்பத்தைந்து வருஷமாக அடுத்தவன் கட்டியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அந்தப் புத்தி வேலை நேரத்தோடு நிற்காததுதான் வீட்டாருக்குத் தலைவலி. போன வருஷம் மகளுக்கு வந்த வரன், "உங்க பாத்ரூம் தண்ணி பூரா பெட்ரூம் சுவத்துல எறங்குதே, கண்ணு தெரியலையா?" என்று பையனின் அப்பாவிடம் இவர் கேட்ட கேள்வியோடு ஓடிப்போயிற்று. இந்த முறை மகளே பிடித்துப்போய்ச் சொன்ன பையன், ஆர்க்கிடெக்ட். "அங்க போய் ஏதாவது நொட்டை சொன்னீங்கன்னு காதுல விழட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று மனைவி மிரட்டித்தான் அனுப்பினாள். மகள் மிரட்டவில்லை. "அப்பா, ப்ளீஸ்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாழாய்ப்போன அந்தப் பிடிதான் மேஸ்திரியின் வாயைக் கட்டியிருந்தது.

சம்பந்தியோ விடுகிற ஆளாகத் தெரியவில்லை. அவரும் கட்டடத் தொழிலில் இருந்தவர்தான், இப்போது ஓய்வு. பேசி முடிக்க வந்த மனிதரை உட்கார வைத்துப் பேசாமல், "எங்க ஊருக் கட்டடங்கள நடந்து பாத்தாத்தான் அழகு" என்று தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்தது முட்டை வடிவத்தில் ஒரு வங்கி. முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருந்தவர்கள் வெயிலுக்குப் பயந்து கண்ணாடி நெடுகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். கோடிக்கணக்கில் கொட்டிக் கண்ணாடி போட்டு, அதில் பழைய பேப்பர்! மேஸ்திரி சிரிப்பை இருமலாக்கி, "பிரமாதம்" என்றார்.

அப்புறம் ஒரு நாடக அரங்கம். செங்கல்லைக் கூடை மாதிரி இடைவெளி விட்டுப் பின்னியிருந்தார்கள். அடிச்சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இங்கே மட்டும் சம்பந்தி ஒன்றும் கேட்காமல் வெகுநேரம் நின்றார். மௌனம் சங்கடமாக இருக்கவே மேஸ்திரியே வலியப் போய், "ரொம்பப் பிரமாதம்" என்றார். சொல்லிவிட்டுத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

கடைசியாக ஒரு சந்துக்குள் போனார்கள். இரண்டே மாடி, சின்ன மருத்துவமனை.

"இது பையன் கட்டினது" என்றார் சம்பந்தி. "பெருசா ஒண்ணுமில்ல."

மேஸ்திரி பழக்கதோஷத்தில் முதலில் கூரையைத்தான் பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப்போகச் சரிவு இருந்தது. ஜன்னல்களுக்கு மேலே நீட்டியிருந்த மழை மறைப்புகளின் அடியில் குனிந்து பார்த்தார். மழைத்தண்ணீர் சுவருக்குத் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிட, விரல் அகலத்துக்கு நீளப் பள்ளமாக ஒரு காடி. எல்லா ஜன்னலுக்கும் இருந்தது, யாரும் எட்டிப் பார்க்காத பின்பக்கத்து ஜன்னலுக்குங்கூட. அடப்பாவி, இப்படியும் ஒருத்தன் கட்டுவானா! மேஸ்திரிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"பிரமாதம், சம்பந்தி!"

சம்பந்தியின் முகம் சுருங்கியது. "பேப்பர் ஒட்டுன முட்டையும் பிரமாதம், இதுவும் பிரமாதம். தொழில் தெரிஞ்சவர், உள்ளதச் சொல்லுவார்னு நெனச்சேன். பொண்ணக் குடுக்குறதுக்காக என்ன வேணா சொல்லுவீங்க போல. சரி, வாங்க, போலாம்."

மேஸ்திரிக்குச் சுரீரென்றது. காலையிலிருந்து அள்ளி விட்ட பொய்யில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனசாரச் சொன்ன ஒரு நல்ல வார்த்தையும் செல்லாமல் போய்விட்டதே! மகளின் பிடி நினைவுக்கு வந்தது. ஆனாலும் இனிமேல் வாயைக் கட்டினால்தான் அவள் கல்யாணம் கெடும் என்று தோன்றியது.

"நில்லுங்க" என்றார். "அந்த லைப்ரரி இருக்கே, அது ஒவ்வொரு மாடியிலயும் ஒரு குளம். மழைக்காலத்துல புஸ்தகத்தப் பிழிஞ்சுதான் படிக்கணும். அந்த முட்டையில ஆள வேக வைக்கலாம். அப்புறம் அந்தக் கூடைக் கொட்டகை! அதக் கட்டினவனக் கூட்டிட்டு வந்து மழையில உள்ள உக்கார வெக்கணும். டிக்கெட் வாங்காம உள்ள போறது தண்ணி மட்டுந்தான். செங்கல் உப்பாப் போய் உதிருது. கண்றாவி! அதப் போயி ரொம்பப் பிரமாதம்னேன் பாருங்க, என்னச் செருப்பால அடிக்கணும்."

சம்பந்தி வந்த வழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கூடை நான் போட்ட பிளான்" என்றார்.

தொலைந்தது, இந்த வரனும் தொலைந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்த மேஸ்திரி, அப்படியே மூடிக்கொண்டார். அதை வாபஸ் வாங்கினால் பையன் கட்டியதைப் புகழ்ந்ததும் சேர்ந்தல்லவா பொய்யாகும்?

"இருக்கட்டும்" என்றார். "சொன்னது சொன்னதுதான். உங்க புள்ள உங்களவிட நல்லாக் கட்டியிருக்கார்."

சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மகன் கட்டிய சுவரையே பார்த்தபடி நின்றார். பிறகு மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்கு வாங்க. இத அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க, சம்பந்தி. நான் இதுவரைக்கும் அவன ஒரு வார்த்தை பாராட்டினதில்ல. இப்ப நான் சொன்னா நம்ப மாட்டான்."