ஒற்றை நிற நத்தார் பாப்பா

நண்டுக் கொம்பனியில் ஜொய்சிக்கு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, இரண்டு நாள் லீவு. ஆறு வருடமாக அந்த இரண்டு நாளும் அடுப்படியிலேயே போயின. இந்த முறை படுத்து நித்திரை கொள்வது ஒன்றுதான் அவளுடைய ஆசை.

ஊர்காவற்றுறையில் அது லேசான காரியமில்லை. நத்தாருக்கு ஒரு வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தால் அதை வெறுமையாகத் திருப்பக் கூடாது. பயத்தம் உருண்டையோ கேக்கோ வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பத்துத் தட்டு வந்தால் பத்து வீட்டுக்கும் செய்ய வேண்டும். தட்டே வராமலிருக்க ஒரு வழிதான் உண்டு: இந்த முறை கொண்டாட்டம் இல்லையென்று ஊருக்கு முதலே தெரிய வேண்டும்.

புருசன் டெனிஸ்ரன் அதற்கு ஒரு பகிடி செய்தான். யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் கறுப்பு ரீசேட்டில் 'எங்களுக்கு இந்தமுறை நத்தார் இல்லை' என்று அடிப்பித்து, அதற்கு மேலே நத்தார் பாப்பா, அந்தச் சிவப்புத் தொப்பிக் கிறிஸ்மஸ் தாத்தா, கண்ணை மூடிப் படுத்திருக்கும் படமும் போடுவித்தான். இப்படி அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் மை இறங்க வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் அடைபட்டிருக்கும். வெள்ளைக்கு ஒரு சட்டம், சிவப்புக்கு இன்னொன்று. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் டெனிஸ்ரன் வெள்ளையோடு நிறுத்திக்கொண்டான்.

நத்தாருக்கு முதல்நாள் காலையில் ஜொய்சி அதைப் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனாள். எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதே தெருவிலிருக்கும் மேரிஜோசப்பின் மட்டும் கையைப் பிடித்து அழுத்திவிட்டு மாதா கோயிலுக்குள் போனாள்.

மத்தியானத்துக்குள் ஆறு தட்டு வந்துவிட்டது. ஒன்றிலும் பலகாரமில்லை, இடியப்பமும் சொதியும், புட்டும், மரக்கறியும். ஏழாவதைப் பக்கத்து வளவுப் பார்வதிப்பிள்ளை கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"கொப்பருக்கு எப்ப நடந்தது, பிள்ளை? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

ஜொய்சி குனிந்து நெஞ்சைப் பார்த்தாள். கறுப்புத் துணி, வெள்ளைத் தாடி, மூடிய கண். தொப்பியில் சிவப்பு இல்லாததால் நத்தார் பாப்பாவே இல்லை. மன்னாரில் அக்காவோடு இருக்கும் அவளுடைய வெள்ளைத் தாடி அப்பாவேதான். நத்தார் இல்லையென்ற வசனமும் செத்தவீட்டுக்காரர் சொல்வதுதான்.

செத்தவீட்டுக்கு வந்த தட்டு வெறுமையாகத்தான் திரும்பும். அதை ஒருவரும் பிழையாக நினைக்கமாட்டார்கள். வாயைத் திறக்காமலிருந்தால் போதும், இரண்டு நாள் நித்திரை. ஆனால் அப்பா விடியத்தான் போனில் கதைத்து, பல்லுக் குத்துகிறதென்று முறைப்பட்டவர்.

"அப்பா சுகமா இருக்கிறார் அக்கா. இது நத்தார் பாப்பா," என்றாள். "நான்தான் களைச்சுப் போனன். இந்த முறை ஒண்டும் செய்ய ஏலாது. தட்டுகள் வெறுமையாத்தான் வரும்."

பார்வதிப்பிள்ளை படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய், ஏழு தட்டிலிருந்த சாப்பாட்டையும் சட்டிகளில் மாற்றி, தட்டுகளைக் கழுவி அடுக்கினாள்.

"நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். உள்ளதைச் சொல்லுறன். நீ போய்ப் படு." படலையில் நின்று திரும்பினாள். "பொங்கலுக்கு எனக்கும் ஒண்டு அடிக்கச் சொல்லு. படம் வேண்டாம்."

ஜொய்சி போய்ப் படுத்தாள். நடந்ததைக் கேட்டு ஐந்து வீட்டில் சிரித்தார்களாம். அப்பாவின் ஆன்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்த மேரிஜோசப்பின் மட்டும் புதுவருசம் வரைக்கும் ஜொய்சியோடு கதைக்கவில்லை.