ஒரு பிரிக் கேமுக்கு கேட் பாஸ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கேட் பாஸ் பாரத்திலிருந்து கிடைத்தது. ஒரகடத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி கேட்டில் நான் செக்யூரிட்டி. பெயர் நெல்லையப்பன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வேலை நேரத்தில் பைகளைத் திறந்து பார்ப்பேன், மீதி நேரத்தில் கதை எழுதுவேன்.

இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"தொண்ணூறுகளின் குழந்தைகளே, நினைவிருக்கிறதா? பபிள்கம் ஸ்டிக்கர், தண்ணிக்குள்ளே வளையம் கோக்கிற பொம்மை, பென்சில் விட்டுச் சுற்றிய கேசட், அந்தப் பொற்கா

அடித்துவிட்டேன். இது மாதிரி வாட்ஸப்பில் தினம் நாலு வருகிறது.

2

வசந்தகுமார் டெஸ்டிங் லைன் சூப்பர்வைசர். மண்ணூர்க்காரர், வயது முப்பத்தெட்டு. கம்பெனியில் 'நைன்ட்டீஸ் டே' அறிவித்தார்கள். சின்ன வயதுச் சாமான் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைக்க வேண்டும். முதல் பரிசு மிக்ஸி. (கதைக்காக அதைக் கார் ஆக்கிப் பார்த்தேன். கம்பெனியைத் தெரிந்தவர் யாரும் நம்பமாட்டார்கள்.)

வசந்தகுமார் ஏணி போட்டுப் பரணில் ஏறினார். சாம்பல் நிறத்தில் ஒரு பிரிக் கேம் கிடைத்தது, மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கி ஆடுகிற கையடக்க வீடியோ கேம். பேட்டரி மூடி இல்லை, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. புது செல் போட்டதும் கீச்சென்று பாடியது. அவர் அங்கேயே குந்திக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார். கீழே அவர் மனைவி கலைமதி ஏணியைப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னா பண்ணிகினு கீற மேல?"

"தேடிகினு கீறன்."

"தேடறது இன்னாத்துக்கு பாட்டு பாடுது?"

(இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே நடப்பதை நான் இட்டுக்கட்டத்தான் முடியும்.)

ஒன்று மட்டும் உண்மை. அந்த பிரிக் கேம் அவருடையது கிடையாது. ஆறாம் வகுப்பில் கூடப் படித்த அமலாவிடம் ஒரு நாளைக்கு என்று வாங்கியது. மறுநாள், பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று அழுதார். அமலாதான் அவரைச் சமாதானப்படுத்தி, பாதிக் கொய்யாப்பழமும் கொடுத்தாள்.

அந்த அமலா இன்று இதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். 'எல்லா பிரிக் கேமும் ஒரே மாதிரிதானே இருக்கும்' என்று வசந்தகுமார் தைரியமாக இருந்தார். கேட்டில் நான் இருப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

3

எலக்ட்ரானிக் பொருள் எதுவும் பாஸ் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. பாஸில் ஸ்டோர்ஸ் கையெழுத்து வேண்டும். இன்டர்காமில் கூப்பிட்டேன். அமலா வந்தார்.

பாரத்தில் 'சீரியல் நம்பர்' என்று ஒரு கட்டம். ரப்பர் பேண்டைக் கழற்றி, செல்லை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"நம்பர் இல்ல சார். நெயில் பாலிஷ்ல என்னமோ எழுதியிருக்கு. அமலா, ஆறு பி."

சத்தமாகத்தான் படித்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"பஸ்ல தொலஞ்சிடுச்சின்னு சொன்ன," என்றார் அமலா.

"ஆமா," என்றார் வசந்தகுமார். கொஞ்சம் யோசித்து, "கெடச்சிடுச்சி."

"எப்ப?"

"தொலையவே இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு அப்டி அழுத?"

"அது நெஜ அழுகதான். பயம்."

அமலா சிரிக்கவில்லை. "எங்கப்பா என்ன ஒரு மாசம் திட்டினாரு. யார்கிட்ட குடுத்தன்னு கேட்டாரு. உன் பேர நான் சொல்லல. சாவுற வரைக்கும் அவருக்கு நான் பொருளோட அரும தெரியாதவதான்."

இந்த இடத்தில் எனக்குப் பேனா ஓடவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: "அமலா, என்னை மன்னித்து

இல்லை. அந்த ஆள் அப்படிப் பேசுகிறவரே இல்லை. என்ன செய்தார் என்று நானே பார்த்தேன். என் மேஜைப் பேனாவை எடுத்து, பாஸில் 'உரிமையாளர்' கட்டத்தில் தன் பெயரை அடித்துவிட்டு, அமலா என்று எழுதினார். 'ம' சரியாக வரவில்லை.

அமலா பாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"இப்ப நான் சைன் போட முடியாது. என் பொருளுக்கு நானே பாஸ் குடுக்கக் கூடாது. ரூலு."

ஆக, பிரிக் கேம் என் மேஜையிலேயே தங்கியது. மிக்ஸி வேறு யாருக்கோ போனது.

4

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அமலா கேட் ரூமுக்கு வந்து உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வசந்தகுமாரும் வந்தார். சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. சுவரோரமாக நின்றார்.

"லெஃப்ட்ல தள்ளு," என்றார், தாங்காமல்.

"என் கேம எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

அதற்குள் கட்டை ஏறி ஆட்டம் முடிந்துவிட்டது. அமலா கொஞ்சம் யோசித்து அதை அவரிடம் நீட்டினார். "ஒரே ஒரு ஆட்டம். அவுட் ஆனதும் குடுத்துடணும்."

வசந்தகுமார் வாங்கினார். ஆடினார். அவுட் ஆகவே இல்லை. சாப்பாட்டு நேரம் முடிகிற சைரன் ஊதியது. அவர் நிமிரவில்லை. அமலா எழுந்து, பக்கத்தில் போய், எட்டிப் பார்த்து, "அந்த நீட்டுக் கட்டைய திருப்பு, திருப்பு," என்றார்.

சைரன் நின்ற பிறகு உள்ளே போகிறவர்களை லேட் என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டியது என் வேலை. இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அந்த வரிதான் எழுத வேண்டிவரும். அதனால் நான் பேனாவை மூடிவிட்டேன். அவர் எப்போது அவுட் ஆக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.