ஆறிப்போன இஸ்திரிப் பெட்டி

அப்பாவின் பேஸ்மேக்கரில் பேட்டரி தீர்ந்து, போன வருடம் புதிய கருவி வைத்தார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவுக்கு மேடாகத் தெரியும்.

எங்கள் இஸ்திரிக் கடையில் மேஜையும் துணி மூட்டைகளும் போக அப்பா நிற்க மட்டும்தான் இடம். மாலை வகுப்பு முடிந்ததும் நான் போய், அவர் மடித்துக் கொடுக்கும் துணிகளை வாங்கி மூட்டையாகக் கட்டுவேன். வாங்கும்போது அவர் விரல்கள் சுடும். இஸ்திரி பிடித்த கை சுடத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். முகம் வியர்த்திருந்ததற்கும் அதையே காரணமாக எடுத்துக்கொண்டேன். சில மாலைகளில் குளிர் காய்வதுபோல் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் கைகளைக் காட்டி நிற்பார். அதைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

"நெஞ்சுல அந்த எடம் செவந்திருக்கே?" என்று அம்மா கேட்டாள்.

"மூட்டை தூக்கினதுல உரசிடுச்சு."

"அடுத்தவன் சட்டையில ஒரு சுருக்கம் இருந்தா தூக்கம் வராது. சொந்தத் தோலு எக்கேடு கெட்டா என்ன."

"அதை யாரும் அவசரம்னு கொண்டாந்து போடலியே," என்றார் அப்பா.

போன மாதம் ஒரு மாலை கரண்ட் போயிருந்தது. நான் போனபோது அப்பா ஒரு மூட்டைமேல் சும்மா உட்கார்ந்திருந்தார். கடைச் சாவியை வாங்கக் கை நீட்டினேன். விரல்கள் சுட்டன. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. மறுபடி அவர் கையைத் தொட்டேன்.

"அப்பா, காய்ச்சலா?"

"சாயங்காலமானா குளிரும். இஸ்திரி பக்கத்துல நின்னா சரியாயிடும்."

"எத்தனை நாளா?"

"அதை யாரு எண்ணினா."

ஆஸ்பத்திரியில் ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "கருவி வெச்ச எடத்துல கிருமி புகுந்திருக்கு. அதுலேருந்து இதயத்துக்குப் போற கம்பி வழியா வால்வு வரைக்கும் போயிடுச்சு. எல்லாத்தையும் வெளியில எடுத்தாகணும். இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம்."

"எடுத்துட்டா நான் எதுல ஓடுறது?"

"வெளியில தற்காலிகமா ஒண்ணு மாட்டுவோம்."

"வாடகை வண்டி," என்று என்னைப் பார்த்தார் அப்பா. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

எடுத்தார்கள். வால்வு கெட்டிருக்கிறதாம். காய்ச்சல் அடங்கி உடம்பு தேறினால்தான் அதற்கு ஆபரேஷன். மருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் மாலைகளில் இங்கேதான் வருகிறேன்.

இன்று அப்பா கையை நீட்டினார். "பாத்துச் சொல்லு பாப்பா."

"நர்ஸ் வரட்டும்ப்பா."

"நர்ஸுக்கு என் கை பழக்கமில்ல."

தொட்டேன். சூடு இல்லாததுபோல் இருந்தது. அம்மாவைக் கூப்பிட வாய் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். வெயிலில் நடந்து வந்தவள் நான். என் கையே சூடாக இருந்திருக்கலாம். மின்விசிறிக்குக் கீழே கையை விரித்து ஆறவைத்தேன். அப்பா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பிடித்தேன்.

சுட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்பத்தான இஸ்திரி போட்டு வந்தேன்," என்றார். "அப்படித்தான் இருக்கும்."