குறுக்குவழியில் போன மச்சம்

என் போட்டோ ஸ்டூடியோவில் கமலேஸ்வரி கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் மவுஸுக்கு அநேகமாக வேலை இருக்காது. எல்லாம் விசைப்பலகைதான். கன்ட்ரோலோடு ஜே, கன்ட்ரோலோடு டி என்று அவளுடைய விரல்கள் ஓடுவதைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். முகத்தை வெளிச்சமாக்கி, அளவாக வெட்டி, பழைய படத்தின் மேலேயே சேமித்து மூடுவது வரை அத்தனையையும் ஒரே விசையில் பதிந்து வைத்திருந்தாள். எஃப் ஐந்தை அழுத்திவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்குவாள். கோப்பையைக் கீழே வைக்குமுன் படம் தயார்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாயிரத்து ஏழில், யுத்த காலத்தில், திருகோணமலையில் நேரம் எங்கள் கையில் இல்லை. மின்சாரம் நினைத்தபோது போகும். சோதனைச் சாவடியை நினைத்தபோது மூடுவார்கள். வெளிச்சத்தோடு பாலையூற்றில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய பெண் குறுக்குவழி தேடாமல் வேறென்ன செய்வாள்? அவள் வந்த பிறகு என் ஸ்டூடியோ நன்றாகத்தான் ஓடியது. அதை அவளிடம் மட்டும் நான் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

ஒரு நாள் காலையில் கிண்ணியாவிலிருந்து படகேறி றுக்கியா கைக்குழந்தையோடு வந்தாள். புருஷன் ஹிஸ்புல்லாவுக்குக் கட்டார் நாட்டில் வேலை. அவன் போன பிறகு பிறந்த மகள். அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. ஊரிலிருந்து முத்தலிப் என்பவர் மறுநாள் விடியக் கட்டாருக்குப் புறப்படுகிறார், அவர் கையில் படத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். நான்தான் எடுத்தேன். கமராவுக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்ட். படத்தைக் கணினியில் ஏற்றியதும் அடுத்த ஆளுக்காக அதை அழித்துவிட்டேன். அது என் குறுக்குவழி. வெயிலில் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாமல் றுக்கியா வீட்டுக்குப் போய், பின்னேரம் தனியாகத் திரும்பி வந்தாள்.

படத்தைக் கையில் வாங்கியவளின் முகம் விழுந்துவிட்டது.

"நானா, எங்க புள்ளட மச்சம்?" அண்ணனை எங்கள் ஆட்கள் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன மச்சம்?"

"காதுக்குக் கீழ, கன்னத்தில இருந்திச்சே! அவருக்கும் அதே இடத்திலதான். டெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம் அத மட்டும்தான் கேக்கிறாரு. அதுக்குத்தானே இந்தப் படமே!"

நான் திரும்பிப் பார்த்தேன். கமலேஸ்வரி உட்கார்ந்திருந்த கதிரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"நானா, நான் கண்ணூறுக்கு வைச்ச மைப்பொட்டு எண்டு நினைச்சனான். எங்கட ஆக்கள் தெருவில வரேக்க பிள்ளைக்கு வைச்சுக்கொண்டு வருவினம். படத்தில வேண்டாம், எடுத்துவிடுங்கோ எண்டும் சொல்லுவினம். அதுதான் கேக்காமலே துடைச்சிட்டன்."

"துடைச்சத திருப்பி எடுங்களன்," என்றாள் றுக்கியா. கமலேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

"எஃப் ஐந்து அமத்தியாச்சு, நானா. மேலயே சேமிச்சு மூடிட்டுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். அழித்த கார்ட் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். குழந்தையோ ஆற்றுக்கு அக்கரையில். கடைசிப் படகுக்குப் போகவேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனது. மேசைக்குக் கீழே யூபிஎஸ் கீச் கீச் என்று கத்தத் தொடங்கியது. எங்களுடைய யூபிஎஸ் கிழடு. கணினியும் பிரிண்டரும் அதில்தான். கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

றுக்கியா அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். படத்தில் மச்சம் இருக்கவேண்டிய இடத்தை விரலால் தடவினாள்.

"அக்கா," கமலேஸ்வரி சட்டென்று எழுந்தாள். "உங்கட அவற்ற படம் ஏதும் வைச்சிருக்கிறீங்களோ?"

பர்ஸுக்குள் ஒரு பாஸ்போட் படம் இருந்தது. காதுக்குக் கீழே மச்சம் பளிச்சென்று தெரிந்தது.

"மகளுக்கும் இதே கன்னத்திலதானே? இதே மாதிரித்தானே?"

"அச்சு அசல். சின்னனா இருக்கும், அவ்வளவுதான்."

மற்றதெல்லாம் நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்தது. அப்பனின் படத்தை ஸ்கேன் பண்ணினாள். மச்சத்தைச் சுற்றி வளைத்தாள், நகல் எடுத்தாள், மகளின் கன்னத்தில் கொண்டுபோய் வைத்தாள். கன்ட்ரோலோடு டி. மச்சம் சுருங்கியது. றுக்கியா திரைக்குக் கிட்ட வந்து விரலால் காட்டினாள்.

"இன்னும் சின்னனா. கொஞ்சம் கீழ. ஆ, அதான்! அதேதான் என்ட புள்ள!"

கமலேஸ்வரி எஃப் ஐந்துப் பக்கம் விரலைக்கூடக் கொண்டுபோகவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் செய்து அச்சுக்குக் கொடுத்தாள். படம் முழுதாக வெளியே வந்து விழுந்த கையோடு யூபிஎஸ்ஸும் செத்தது. ஈரம் காயாத படத்தை விசிறிக்கொண்டே றுக்கியா ஆட்டோவில் ஏறினாள்.

அதற்குப் பிறகு எனக்கு மனம் சரியில்லை. ஒட்டுப் போட்ட மச்சத்தைக் கண்டுபிடித்து ஹிஸ்புல்லா என்ன சொல்வானோ என்று இருந்தது. ஒரு மாதம் போயிருக்கும், றுக்கியா மகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கமலேஸ்வரி ஓடிப்போய் முதலில் குழந்தையின் கன்னத்தைத்தான் பார்த்தாள்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அறையில இருக்கிற எல்லாருக்கும் காட்டினாராம், நானா. 'மூக்கு, கண்ணெல்லாம் ஒன்ட சாயல், றுக்கியா. ஆனா இந்த மச்சம் இருக்கே, இது சத்தியமா என்டதுதான்' எண்டு டெலிபோன்ல அழுறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

றுக்கியா கமலேஸ்வரியைப் பார்த்தாள். கமலேஸ்வரி கணினிக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டாள்.

"ஓம், ஒங்கடதான் எண்டு சொன்னேன்."