வடக்கனந்தலில் நின்றுபோன அறிமுகக் கூட்டம்

மழை பொய்த்த வருஷம் அது. கரும்பு முழங்கால் உயரத்துக்கு வந்து, மேலே போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. கரும்பு இல்லையென்றால் கள்ளக்குறிச்சியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் பத்திரிகை அடிக்கிறவர், போட்டோ பிடிக்கிறவர், பேண்டு வாசிக்கிறவர், மணவறை ஜோடிக்கிறவர் எல்லோரும் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்களை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். புதுக்கடை திறக்கவும் ஆள் இல்லாததால் போர்டு எழுதுகிறவர்களும் அதே பஸ்களைப் பார்த்தார்கள்.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர் கண்ணாயிரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அச்சகம் வைத்திருந்தார். காலண்டர் ஆர்டர் பிடிக்க மெட்ராஸுக்குப் போனபோது, ஒரு பெரிய ஓட்டலில் தொழிலதிபர்கள் மாதம் ஒருமுறை கூடிக் கைகுலுக்கிக்கொள்வதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டார். கைகுலுக்கினால் வியாபாரம் நடக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. யாருடைய கையை என்பதைக் கவனிப்பதற்குள் வாட்ச்மேன் வந்துவிட்டான்.

அப்படிப் பிறந்ததுதான் கள்ளக்குறிச்சி வட்டாரக் கலைத்தொழில் வல்லுநர்கள் அறிமுகச் சங்கம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சகத்து மாடியில் கூட்டம். ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் பெயரையும் தொழிலையும் சொல்லி, எல்லோருக்கும் தன்னுடைய விசிட்டிங் கார்டைக் கொடுக்க வேண்டும். அதற்குக் கார்டு வேண்டுமே? கண்ணாயிரமே அச்சடித்துக் கொடுத்தார். சங்கத்தால் உடனடியாகப் பயனடைந்த கலைஞர் அவர்தான்.

போட்டோக்காரர் சுபாஷ் பேண்டு மாஸ்டருக்குக் கார்டு கொடுப்பார். பேண்டு மாஸ்டர் மணவறைக்காரருக்குக் கொடுப்பார். அடுத்த மாதமும் அதே கார்டு, அதே கைகுலுக்கல். எல்லோரும் எல்லோரையும் பிறந்ததிலிருந்தே அறிந்தவர்கள் என்பதால் அறிமுகம் மட்டும் மிகச் சிறப்பாக நடந்தது.

நாடக டிரஸ் வாடகைக்கு விடுகிற அம்சவள்ளி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, எல்லாரும் கடைய விரிச்சிக்கினு உக்காந்துனு இருக்கோம். வாங்குறவன் எங்கங்க?"

"அவசரப்படக் கூடாதும்மா," என்றார் கண்ணாயிரம். "அறிமுகம் மொதல் கட்டம். வியாபாரம் ரெண்டாவது கட்டம்."

"மூணாவது கட்டத்துல எங்க வூட்டு கிரீடத்தையும் வாளையும் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். சொல்லிட்டேன்."

இந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன் விஜயராகவன். 'விஜய் ஆர்ட்ஸ்' என்று மார்க்கெட் சந்தில் போர்டு எழுதுகிற கடை வைத்திருந்தான். மலைக்காரன், கல்வராயன் மலைமேல் கரியாலூரில் பிறந்தவன். மனிதர்களை அவர்கள் முகத்தால் நினைவு வைத்துக்கொள்ளாமல், அவர்கள் கடைப் போர்டில் இருக்கிற எழுத்தால் நினைவு வைத்துக்கொள்வான். ஓர் எழுத்து பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு நின்றால் அவனுக்குப் பல் கூசும். தன் எழுத்துகள் தன்னைவிட நல்ல இடங்களில் வாழப்போகின்றன என்று நம்பிக்கொண்டிருந்தான். இப்போதைக்கு அவை ஒரு மாவு மில்லிலும், ஒரு சைக்கிள் கடையிலும் வாழ்ந்தன. சைக்கிள் கடை மூடிவிட்டது.

அவன் அப்பா செல்லன் போன தடவை மலையிலிருந்து இறங்கி வந்தபோது கடைக்குள் நுழையாமலே சொல்லிவிட்டுப் போனார்.

"சாம அறுப்பு வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள உருப்படியா ஒரு வேல வர்ல, பொட்டிய கட்டிக்கினு வந்துரு. கைக்கு அருவா இருக்குது."

அதனால்தான், கரியாலூரில் அருவிக்குப் போகிற ரோட்டில் சிமெண்டு வளைவு கட்டி முடித்துவிட்டார்கள், எழுத்து மட்டும்தான் பாக்கி என்று கண்ணாயிரம் அறிவித்தபோது விஜயராகவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். 'கல்வராயன் மலை உங்களை வரவேற்கிறது.' அவனுடைய ஊர், அவனுடைய ரோடு. தினமும் அப்பா சாமைக் காட்டுக்குப் போகும்போது தலைக்கு மேலே மகனின் எழுத்து!

"சுற்றுலா அதிகாரியே வராரு," என்றார் கண்ணாயிரம். "இந்த மாசக் கூட்டம் கரியாலூர்லதான். கையெழுத்து யாருது நல்லா இருக்குதோ அவங்களுக்கு வேல. வேன் பேசியாச்சு. ரோசா மாலைக்குச் சொல்லியாச்சு."

விஜயராகவனுக்கு ஒரே ஒரு போட்டி, 'ராசு ஆர்ட்ஸ்' சின்னராசு. எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுதி வயிறு வளர்த்த மூத்த கலைஞர். வேகம் அவருடைய பலம். அவர் எழுத்துகள் மட்டும், டாப்பில் ஆள் ஏற்றிய பஸ் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

கண்ணாயிரம் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். தென்னாற்காடு முழுக்க ரோட்டோரப் புளியமரங்கள் சரிந்துகொண்டிருந்தன. வேறு ஊர்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகவும் பேச்சு. சிரிக்கிற வாரம் இல்லை அது.

"நாம கலைஞருங்க. நம்மள எவன் நிறுத்துவான்?" என்றார் கண்ணாயிரம்.

வடக்கனந்தலைத் தாண்டியதும் ஒரு புளியமரம் நிறுத்தியது.

ரோட்டின் குறுக்கே மரம். மரத்தின் மேல் இளவட்டங்கள். பின்னால் திரும்பிப் போகலாமென்றால், வேன் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயும் ஒன்று விழுந்துவிட்டது என்று நல்ல செய்தி கொண்டுவந்தான். வல்லுநர்கள் இறங்கி நிழல் தேடினார்கள். நிழல் ரோட்டில் படுத்திருந்தது. அம்சவள்ளி அதன் கிளையில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

விஜயராகவனால் உட்கார முடியவில்லை. ரோட்டோரம் வெள்ளையடித்த ஒரு மோட்டார் கொட்டகை. அதன் சுவரில் ஒரு பையன் நீலப் பெயிண்டில் எழுதிக்கொண்டிருந்தான். 'இட ஒது' வரை வந்திருந்தான். சுவர் முடிந்துவிட்டது, கோரிக்கை முடியவில்லை. மிச்சத்தைக் கீழே எறும்பு சைஸில் எழுத ஆரம்பித்தான்.

விஜயராகவனுக்குப் பல் கூசியது. போராட்டத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. அது சமவெளிக்காரர்களின் வழக்கு. ஆனால் எழுத்து பொதுவானது அல்லவா?

"அண்ணே," என்றான், அங்கே தலைவர்போல் நின்றிருந்த மீசைக்காரரிடம். "கோச்சிக்காதீங்க. நான் மலக்காரன், போர்டு எழுதறவன். ஒரு நூலும் கொஞ்சம் சுண்ணாம்பும் இருந்தா குடுங்க."

"எதுக்குய்யா?"

"இப்பிடியே வுட்டா நீங்க கேக்கறது கவருமெண்டுக்குப் புரியாதுண்ணே."

மீசைக்காரர் சுவரைப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். பையனிடமிருந்து பிரஷ் கை மாறியது. விஜயராகவன் பழசைச் சுண்ணாம்பால் அடித்துக் காயவிட்டு, நீலத்தில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டி, கோடு போட்டான். பிறகு எழுதினான்.

'இட ஒதுக்கீடு எங்கள் உரிமை! வழங்கும் வரை வழி இல்லை!'

எழுத எழுத மரத்தின் மேலிருந்தவர்கள் இறங்கி வந்து பின்னால் நின்றார்கள். அந்த இரண்டு 'ழ'வுக்கும் வால் கீழே இறங்கி, மலைப்பாதை மாதிரி ஒரு வளைவு வளைந்து மேலே வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். சின்னராசு மட்டும், "வால் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.

போர்டு எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் வலது பக்க மூலையில் தன் கடைப் பெயரைச் சின்னதாகப் போடாமல் பிரஷ்ஷைக் கழுவ மாட்டான். விஜயராகவனின் கை தானாக மூலைக்குப் போய், 'விஜய்' என்று எழுதிவிட்டது.

"டேய், அறிவிருக்குதா?" கண்ணாயிரம் ஓடிவந்தார். "சுற்றுலா அதிகாரி இந்த வழியாத்தான் வராரு. இத பாத்தா உனக்கு வளைவு குடுப்பாரா, வெலங்கு குடுப்பாரா? அழிடா!"

விஜயராகவன் மண்ணெண்ணெய்த் துணியால் தன் பெயரைத் துடைத்தான். பெற்ற பிள்ளையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியதுபோல இருந்தது.

சாயங்காலம் வெயில் தணிகிற நேரத்தில், போலீஸ் வருகிறது என்று யாரோ கத்தினார்கள். இளவட்டங்கள் கண் இமைப்பதற்குள் கரும்புக் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். அந்த முழங்கால் கரும்புக்குள் அவர்கள் எப்படி மறைந்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. ரோட்டில் மரமும் சுவரும் வல்லுநர்களும் மட்டும் மிஞ்சினார்கள்.

வந்தது போலீஸ் வேன் இல்லை. ஓர் அம்பாசிடர் கார். பின்பக்க மரத்தை நகர்த்திவிட்டு வந்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். அம்பாசிடர், வெள்ளைச் சட்டை, தொப்பை. கண்ணாயிரத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. வேனுக்குள் வாடிக்கொண்டிருந்த ரோசா மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டுவிட்டார். பேண்டு மாஸ்டர் மரியாதைக்கு டிரம்ப்பெட்டில் இரண்டு வரி ஊதினார்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு மாலையைச் சரிசெய்துகொண்டார். சங்க வழக்கப்படி எல்லோரும் வரிசையில் வந்து கார்டு கொடுத்தார்கள். சங்கம் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக ஒரு மனிதர் எல்லாக் கார்டையும் வாங்கி, ஒரு வரி விடாமல் படித்து, பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"அடடா! என்னா எழுத்துய்யா! யாரு எழுதனது?"

விஜயராகவன் வாய் திறப்பதற்குள் சின்னராசு ஓர் அடி முன்னால் வந்துவிட்டார்.

"நான்தாங்க சார். ராசு ஆர்ட்ஸ். கார்டு உங்க பாக்கெட்டுலயே இருக்குது."

"அப்பிடியா? ரொம்ப நல்லா இருக்குது."

"வளைவுல இன்னும் நல்லா எழுதுவேங்க."

விஜயராகவன் சுவரைப் பார்த்தான். மூலையில் மண்ணெண்ணெய் ஈரம் இன்னும் காயவில்லை.

"சார், அவரு பொய் சொல்றாரு சார்! அது என் எழுத்து. அந்த ழ-வோட வால பாருங்க. அவரு வாழ்நாள்ல ஒரு வால் நேரா எழுதியிருக்காரா?"

"இன்னாடா சொன்ன? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் செவுரு எழுதிக்கினு இருந்தவன்டா!"

"அதனாலதான் அந்த செவுரெல்லாம் இடிஞ்சி போச்சி!"

"சார், அவன் பெயிண்டு கலக்கித்தான் குடுத்தான். எழுதனது நானு!"

"அம்சவள்ளியக்கா, நீயே சொல்லு. நூல் புடிச்சது யாரு?"

"நீதான்டா," என்றாள் அம்சவள்ளி கிளையிலிருந்து. "ஆனா எனக்கென்னமோ அந்த ஆளு சிரிக்கிற சிரிப்பு புடிக்கல. வாய மூடிக்கினு இரு."

யார் கேட்டார்கள்? சுபாஷ் முன்னால் வந்து, எழுதும்போதே தான் படம் பிடித்திருப்பதாகச் சொன்னார். பிலிம் போட்டுப் பிடித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. வேலை இல்லாத அந்த வருஷத்தில் அவர் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க வெறும் கேமராவைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு பக்க வாதத்தையும் பொறுமையாகக் கேட்டார். அப்படி ஒரு ரசிகர் அவர்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை. முடிந்ததும் கையைத் தட்டினார். ரோட்டுத் திருப்பத்துக்கு அப்பாலிருந்து போலீஸ் வேன் வந்து நின்றது.

"நான் இன்ஸ்பெக்டர்," என்றார், மாலையைக் கழற்றிக் கண்ணாயிரத்திடம் திருப்பிக் கொடுத்தபடி. "உங்க சுற்றுலா ஆபீசரு ரோடு சரியில்லன்னு காலையிலயே வூட்டுக்குப் போயிட்டாரு. எல்லாரும் ஏறுங்க."

கைதானவர்களை அடைக்க இடமில்லாமல் கல்யாண மண்டபங்களைத்தான் திறந்திருந்தார்கள். ஒரு வருஷமாகத் தாலி கட்டாத மண்டபம், அன்று நிரம்பி வழிந்தது. வடக்கனந்தல் ஆட்கள், மூங்கில்துறைப்பட்டு ஆட்கள், கரும்பு ஆலைத் தொழிலாளிகள், டீக்கடைக்காரர்கள், அரிசி மில் முதலாளி ஒருத்தர். பத்திரிகை, போட்டோ, பேண்டு, மணவறை எல்லாம் உள்ளே வந்து சேர்ந்துவிட்டன. மாப்பிள்ளை பெண் மட்டும்தான் பாக்கி.

இன்ஸ்பெக்டர் இரண்டு ஓவியர்களையும் வாசலில் நிறுத்தினார்.

"மரத்த வெட்டனது நீங்க இல்ல. தெரியும். மத்தவங்கள நான் வுட்டுர்றேன். செவுத்துல எழுதனவன் மேல மட்டும் கேசு. கேசு இருக்கறவனுக்கு கவருமெண்டு வேல எதுவும் கெடைக்காது, அந்த வளைவும்தான். இப்ப சொல்லுங்க. யாரு எழுதனது?"

சின்னராசு சட்டென்று நேர்மையானார். "அவன்தாங்க சார். நான் ஆசப்பட்டுச் சொல்லிட்டேன். அந்தளவுக்கு எனக்கு எழுத வராதுங்க."

மண்டப வாசலில் மணமக்கள் பெயர் எழுதுகிற கரும்பலகை காலியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் சாக்பீஸை எடுத்து விஜயராகவன் கையில் வைத்தார்.

"வழங்கும்னு எழுது. கைய பாத்தா தெரிஞ்சிரும்."

தப்பிக்க வழி கண்ணெதிரே இருந்தது. கோணலாக எழுதினால் போதும். சாமை அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. வளைவு இருக்கிறது. 'வ' எழுதினான், ஒரு பக்கமாகச் சாய்த்தே எழுதினான். 'ழ' எழுதினான், வாலை நொண்டவிட்டான். உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கூட்டம் சிரித்தது.

"இவனா அத எழுதனான்? சேச்சே!" என்றது ஒரு குரல். மீசைக்காரரின் குரல்தான்; அவரும் அதற்குள் பிடிபட்டு வந்திருந்தார். அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். "எங்க ஊரு புள்ள எழுதனது வேற சார். இது கோழி கிண்டன மாதிரி இருக்குது!"

இன்ஸ்பெக்டர் முகத்தில் சந்தேகம் வந்தது. "அப்ப நீ இல்லயா? சரி, போ."

விஜயராகவன் இரண்டடி நடந்தான். திரும்பிப் பார்த்தான். கரும்பலகையில் அந்த நொண்டி 'ழ' எல்லோரும் பார்க்க நின்றுகொண்டிருந்தது. அவன் பல் கூசியது.

திரும்பி வந்து, உள்ளங்கையால் எல்லாவற்றையும் அழித்தான். மேல் துண்டின் ஓரத்தைப் பிடித்து ஒரு கோடு போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதினான். வழங்கும். வால் இறங்கி, வளைந்து, மேலே வந்தது.

ஜன்னலில் தலைகள் கூடின.

"மலக்காரந்தானே நீ?" என்று ஜன்னலிலிருந்து மீசைக்காரர் கேட்டார். "உனக்கெதுக்குய்யா இந்த வேல?"

"அந்த எழுத்த அப்பிடியே வுட்டுட்டுப் போக முடியலண்ணே."

சின்னராசு அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். அடுத்த மாதமே கரியாலூர் வளைவு அவருடைய எழுத்தில் சாய்ந்தபடி ஜனங்களை வரவேற்கப்போகிறது. செல்லன் அதன் கீழே நடந்து சாமைக் காட்டுக்குப் போகப்போகிறார். அது விஜயராகவனுக்கும் அந்த நிமிஷமே தெரிந்துதான் இருந்தது. அவன் குனிந்து, பலகையின் வலது பக்க மூலையில், வழக்கம்போலச் சின்னதாக 'விஜய் ஆர்ட்ஸ், கள்ளக்குறிச்சி' என்று போட்டான். இந்தத் தடவை யாரும் துணி கொண்டு ஓடி வரவில்லை.

"கடை எந்தச் சந்து, அதையும் போட்டுரு," என்றார் இன்ஸ்பெக்டர், பேனாவைத் திறந்தபடி. "பாத்து எழுதிக்க எனக்கு வசதியா இருக்கும்."