இலையோடு வந்த விருந்தாளிகள்

அதிகாரி வருகிறார் என்றதும் மங்களேஸ்வரி என் மளிகைக் கடைக்கு ஓடி வந்தாள். சேக்காட்டில் என் கடைக்குப் பின்னால்தான் அகதி முகாம். எண்பத்தாறில், யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த வீட்டை விட்டுப் பிள்ளைகளோடு படகேறி வந்தவள் அவள்.

"நாகம்மாக்கா, பட்ஜெட்டில துண்டு விழுகுதாம். எங்களுக்குக் குடுக்கிற அரிசியை நிப்பாட்டலாமோ எண்டு பாக்கக் கோட்டையில இருந்து ஒருத்தர் வாறார். நல்ல அரிசி, பருப்பு, அப்பளம் இரவலாத் தாங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனுக்கு இன்னா, மூள கெட்டுப் போச்சா? காலிப் பானய காட்டாம அந்தாளுக்குப் பந்தி போடப் போறியா?"

"வீட்டுக்கு வந்த ஆளைச் சாப்பிடாம அனுப்பிற வழக்கம் எங்களிட்ட இல்லை அக்கா."

திட்டிக்கொண்டேதான் அளந்து கொடுத்தேன். மறுநாள் முகாமே சேர்ந்து சமைத்தது. அந்த மனுஷன் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய சொதியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை துடைத்தபடி உதவியாளரிடம் சொன்னார்: "வசதியாத்தான் இருக்காங்க. அரிசியை நிறுத்திடலாம்னு எழுதிக்கோ."

அவருடைய ஜீப் போனதும் பிள்ளைகள் அடிச்சட்டியைச் சுரண்டினார்கள்.

"தலதலயா அடிச்சிக்கினேனே, கேட்டியா?" என்றேன்.

மங்களேஸ்வரி அழவில்லை. "அவர் எங்க தங்கியிருக்கிறார்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆவடிப் பயணியர் விடுதியில். அடுத்த நாள் மத்தியானம் முகாமே அங்கே நடந்தது, ஆளுக்கொரு வாழை இலையோடு. நானும் கடையைச் சாத்திவிட்டு ஒரு இலையை எடுத்துக்கொண்டு போனேன். வராந்தாவில் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எதிரே வரிசையாக இலை விரித்து உட்கார்ந்தோம்.

"என்னம்மா கலாட்டா இது?"

"கலாட்டா இல்லை ஐயா. நேற்று நீங்கள் எங்கட வீட்டில சாப்பிட்டீங்கள். இண்டைக்கு நாங்கள் உங்களிட்ட வந்திருக்கிறம்."

"புரியாம பேசாதீங்க. கவர்மெண்டுல பணம் இல்ல."

"நேற்று எங்களிட்டயும் இருக்கேல்லை. இந்த அக்காவிட்ட இரவல் வாங்கித்தான் உங்களுக்குப் போட்டனாங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமா சார். எங்கூட்டு அரிசிதான் துன்னீங்க," என்றேன். கையில் பிசைந்த சோற்றை அவர் தட்டிலேயே விட்டார்.

"சரி, போங்க. பாக்கலாம்."

மங்களேஸ்வரி இன்னும் சம்மணம் கலைக்கவில்லை. "சாப்பிடாமப் போற வழக்கமும் எங்களிட்ட இல்லை ஐயா."

நான் என் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன்.